பொட்டலும் பூங்காவும்: குடிமக்கள் குழுவை எந்த வழியில் அமைப்பது?

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் பஸ்ஸில் வருபவர்களுக்குத் தெரியும், பல நிறுத்தங்களுக்கு மரத்தின் பெயர்தான். புளியமூடு, ஆலமூடு, வேப்பமூடு. மூடு என்றால் எங்கள் பக்கம் மரத்தின் அடி. அங்கேதான் சுமை இறக்குவார்கள், சந்தை கூடும், ஊர் வழக்குப் பேசுவார்கள், கோவில் கொடை விழா வந்தால் வில்லுப்பாட்டு வைப்பார்கள். பூங்கா, கலையரங்கம் என்ற சொற்கள் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே இரண்டும் ஒரே மரத்தடியில் இருந்தன.

எங்கள் ஊர்ப் பொட்டலில் ஓர் அயனி மரம் நின்றது. மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். வைகாசியில் பழம் விழும். பிள்ளைகள் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சேர்த்து வைத்து வறுத்துத் தின்போம். அம்மன் கொடைக்கு அந்த மரத்தடியில்தான் வில்லு. என் அப்பா ஒரு குழுவில் குடம் அடித்தவர். வைக்கோல் பிரிமணையில் குடத்தை இருத்தி, ஒரு கையால் மட்டையைக் குடத்தின் வாயில் அறைவார். மறு கையில் ஒரு காசை வைத்துக்கொண்டு கழுத்தில் தட்டுவார். அறையும்போது எழும் ஓசை அடிவயிற்றில் கேட்கும், காசின் ஓசை காதோரம் கேட்கும். நடுவில் வில்லின் மணிகள்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பொட்டல் பூங்காவானது. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். மதில் வந்தது, கேட் வந்தது, சிமென்ட் மான்கள் வந்தன, உடற்பயிற்சிக் கருவிகள் வந்தன. ஒரு மேடையும் கட்டினார்கள். அந்த மேடை கிழக்கே பார்த்து நிற்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நிகழ்ச்சி வைத்தால் கூட்டம் மேற்கே பார்த்து உட்கார வேண்டும், வெயில் நேரே கண்ணில் அடிக்கும். மேலே தகரக் கூரை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. தகரத்தில் மழை விழத் தொடங்கினால் மைக் வைத்தாலும் பாட்டு எடுபடாது. கேட்டை இரவு எட்டு மணிக்குப் பூட்டுகிறார்கள். வில்லுப்பாட்டு களைகட்டுவதே ஒன்பது மணிக்கு மேல். அயனி மரத்தின் அடியை ஒட்டி, ஒரு விரல்கூட இடம் விடாமல் டைல்ஸ் பதித்தார்கள். மூன்றாம் ஆண்டு தெற்குப் பக்கத்துக் கிளைகள் பட்டுப்போயின. இப்போது அந்தப் பக்கம் நிழல் இல்லை. மான்களின் மேல் வெயில் விழுகிறது.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்காவது கான்கிரீட் இல்லாமல் மண்ணாக விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி அமைப்புகளுக்கு 2013இலேயே உத்தரவிட்டிருக்கிறது. வேர் மூச்சு விட வேண்டும், மழைத்தண்ணீர் இறங்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் மரச்சீனிக் கிழங்கு நடுகிற எவருக்கும் தெரிந்த விஷயம். மேடையின் திசை, வில்லுப்பாட்டை முன்நின்று பாடும் ஒவ்வொரு அண்ணாவிக்கும் தெரியும். கேட் பூட்டும் நேரம் பற்றி அம்மன் கோவில் பூசாரியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கென்று ஒரு இடம் இல்லை.

இப்போது இரண்டாவது வாய்ப்பு வந்திருக்கிறது. ஆற்றோரம் புதிதாக மனைப்பிரிவு போட்டிருக்கிறார்கள். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அப்படி வந்த நிலம் ஒன்று பூங்காவாகப் போகிறது. இந்த முறையாவது குடிமக்கள் ஆலோசனைக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்று நாங்கள் சிலர் கேட்டோம். சரி, எப்படி அமைப்பது என்று நகர்மன்றத்தில் திருப்பிக் கேட்டார்கள். அதற்கு ஆளுக்கு ஒரு பதில். அந்தப் பதில்களைத்தான் இங்கே எடுத்து வைத்துப் பார்க்கிறேன். வேறு ஊர்களிலும் இதே கேள்வி வரும்.

அதற்கு முன் ஒன்று. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனுடன் வந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்குரிய 18 பணிகள் இருக்கின்றன. 12ஆவது பணி பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல். 13ஆவது பண்பாடு, கல்வி, அழகுணர்வை வளர்ப்பது. இரண்டும் அடுத்தடுத்த வரியில் நிற்கின்றன. அலுவலகத்துக்குள் போனால் பூங்கா பொறியியல் பிரிவின் வேலையாக இருக்கும், மதிப்பீடு, டெண்டர், பில் என்று ஓடும். பண்பாடு யாருடைய மேசையிலும் இருக்காது. கிழக்கு பார்த்த மேடை அந்த இடைவெளியில்தான் கட்டப்பட்டது. குடிமக்கள் குழுவின் முதல் வேலையே இந்த இரண்டு வரிகளையும் ஒன்றாகப் படிப்பது.

முதலில் வந்த யோசனை, நகர்மன்றமே பத்துப் பேரை நியமிக்கட்டும் என்பது. ஓய்வுபெற்ற பேராசிரியர், ஒரு டாக்டர், ஒரு வணிகர் சங்கப் பிரதிநிதி, ஒரு எழுத்தாளர். வேகமாக நடக்கும். தீர்மானம் போட்டால் அடுத்த மாதமே குழு தயார். அமெரிக்காவில் பல சிறு நகரங்களில் பூங்காவுக்கும் கலைக்கும் இப்படித்தான் குடிமக்கள் ஆலோசனைக் குழுக்கள் இயங்குகின்றன. அங்கே அவை ஓடுவதற்குக் காரணம் உறுப்பினர்களின் தகுதி மட்டும் இல்லை. நகரச் சட்டத்தில் குழுவுக்கு இடம் இருக்கிறது. உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை, ஆனால் பதவிக்காலம் இருக்கிறது. எல்லாருடைய காலமும் ஒரே நாளில் முடியாதபடி வைத்திருக்கிறார்கள், அதனால் தேர்தலோடு குழு கலைந்துபோவதில்லை. கூட்டம் திறந்த கதவுக்குள் நடக்கிறது, குறிப்பு எல்லாரும் படிக்கக் கிடைக்கிறது. பணத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியை 1959இல் பிலடெல்பியா கொண்டுவந்தது. பிறகு பல நகரங்கள் பின்பற்றின.

இந்தக் கட்டுமானம் எதுவும் இல்லாமல் குழுவை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது பத்து நாற்காலி. எங்கள் மாநிலத்தில் இதற்கு நெருக்கமான ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: மாவட்டக் கலை மன்றம். ஆட்சியர் தலைமையில் இயங்கி, ஆண்டுதோறும் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதுக்கேற்ப ஐந்து விருதுகள் கொடுக்கிறது. அந்த விருதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கம்படித்து ஆடும் ஒரு களியலாட்டக்காரருக்கோ குடம் அடிப்பவருக்கோ அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பூங்காவில் மேடை எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கான அமைப்பு அது அல்ல. கௌரவிப்பது ஒரு வேலை, கலந்து பேசுவது வேறு வேலை. நியமனக் குழு பெரும்பாலும் முதல் வேலையை நோக்கிச் சரிந்துவிடும். திறப்பு விழா மேடையில் முன்வரிசை கிடைக்கும், மதிப்பீட்டுத் தாள் கண்ணில் படாது.

இன்னொரு குறையும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நியமிப்பவர்களுக்குத் தெரிந்தவர்களைத்தான் நியமிப்பார்கள். அது கெட்ட எண்ணம் இல்லை, மனித இயல்பு. தெரிந்தவர்கள் பட்டியலில் செடிக்குத் தண்ணீர் விடும் அக்கா வரமாட்டார். மாலையில் பேரக்குழந்தையைக் கூட்டிவந்து ஊஞ்சலருகே நிற்கும் பாட்டி வரமாட்டார். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர் வரமாட்டார், பூங்காவின் கேட் எப்போது பூட்டப்படுகிறது என்பது அவருக்கு மட்டுமே சரியாகத் தெரிந்திருந்தாலும்.

இரண்டாவது யோசனை பணத்தைப் பற்றியது. ஒரு நிறுவனம் பூங்காவைத் தத்தெடுக்கட்டும், அல்லது நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நாமே திரட்டிக் கொடுப்போம், மீதியை அரசு தரட்டும். நமக்கு நாமே திட்டம் 1990களின் இறுதியில் வந்தது, மறுபடி புதுப்பித்து நடக்கிறது. பள்ளிக்கூடச் சுவர், குளத்துக் கரை என்று நல்ல வேலைகள் இதில் நடந்திருக்கின்றன. இதை ஒரு கருவியாக வைத்துக்கொள்ளலாம். குழுவுக்குப் பதிலாக வைக்க முடியாது. பணம் கொடுப்பவர் பலகை வைப்பார், அதோடு பலகை தெரிகிறபடி மரம் எங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்வார். ஒரு ஒப்பந்த காலம் முடிந்து அவர் போனால் புல்வெளிக்குத் தண்ணீர் விட ஆள் இருக்காது. இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது யோசனைதான் என்னை அதிகம் இழுத்தது. வாசகசாலைக்காரர்களும் இளைஞர் மன்றமும் சேர்ந்து ஒரு சங்கம் பதிவு செய்து பூங்காவை ஏற்றுக்கொள்வது. எங்கள் மண்ணுக்கு இது புதிதில்லை. 1949 வரை நாங்கள் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருக்கொச்சி. பி.என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தின் காற்று இந்தப் பக்கமும் அடித்தது. எல்லை மாறிய பிறகு கேரளத்தில் அந்த இயக்கம் சட்டமாக வளர்ந்தது. இன்றைக்கும் அங்கே ஊர் நூலகம் என்றால் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு உண்டு, மாநில நூலகக் கவுன்சிலின் தரவரிசைக்கேற்ப மானியம் உண்டு, கட்டட வரியோடு வசூலாகும் நூலக வரியின் பின்பலம் உண்டு. பாறசாலைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். நூலகத்தின் முற்றத்தில்தான் ஓணப் போட்டி, நாடக ஒத்திகை, செண்டை வகுப்பு, இறந்துபோன எழுத்தாளருக்கு அஞ்சலி எல்லாம். படிப்பறையும் கலையும் முற்றமும் ஒரே கமிட்டியின் கையில்.

இந்தப் பக்கம் நூலகம் துறையின் கீழ் இருக்கிறது, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. நூலகர் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது. ஊர்க் கமிட்டி என்ற பொறுப்பு இல்லை. ஆனால் கோவில் கமிட்டி, சர்ச் கமிட்டி, கால்பந்து கிளப் என்று கமிட்டி நடத்தும் பழக்கம் எங்கள் ரத்தத்தில் ஊறியது. நோட்டீஸ் அடிப்பதிலிருந்து வரவு செலவு வாசிப்பது வரை தெரிந்த ஆட்கள் தெருவுக்கு நான்கு பேர். சங்கம் அமைத்தால் வேலை நடக்கும். தண்ணீர் விடப்படும், மேடையில் மாதம் ஒரு நிகழ்ச்சி நடக்கும். இதை நான் சந்தேகிக்கவில்லை.

பயப்படுவது வேறொன்றுக்கு. சங்கம் என்றால் உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் என்று இரண்டு பேர். எங்கள் தெருக்களில் அந்தக் கோடு எந்த இடத்தில் விழும் என்று ஊருக்குள் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒரு கரைக்காரர்கள், அதாவது ஊரின் ஒரு பிரிவினர், நடத்துகிற பூங்காவில் மறு கரைக்காரர் பிள்ளைகள் விளையாடலாம், தடுக்க மாட்டார்கள். ஆனால் மேடையில் எந்தக் கதை பாடுவது, யாருடைய சாமியின் கதை, கிறிஸ்துமஸ் குடில் வைக்கலாமா, சிங்காரி மேளமா நையாண்டி மேளமா என்ற கேள்விகள் வரும்போது யார் வீட்டுத் திண்ணையில் முடிவு எடுக்கப்படும்? சங்கத்தைக் கேள்வி கேட்கச் சங்கத்துக்கு வெளியே இருப்பவருக்கு உரிமை இல்லை. பூங்கா பொதுச்சொத்து. அதைக் கேள்வி கேட்க எல்லாருக்கும் உரிமை இருக்க வேண்டும்.

அந்த உரிமையின் வலிமையை உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட அவர்களுக்கு உரிமை உண்டு, பூங்காவைத் தனியாருக்குத் திருப்பிவிட முடியாது என்று தீர்ப்பு வந்தது. அவர்கள் எந்தச் சங்கத்தின் உறுப்பினர் என்று நீதிமன்றம் பார்க்கவில்லை. அந்தப் பகுதியில் வாழ்பவர்கள் என்பதே போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டிலும் பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் வழக்கு என்பது சேதம் நடந்த பிறகு போவது. மேடை கட்டிய பிறகு திசையை மாற்ற எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

ஆகவே நான்காவது வழியிடம் வருகிறேன், ஆரம்பத்தில் எனக்கு இதில்தான் நம்பிக்கை குறைவாக இருந்தது. பகுதி சபை.

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்குமான விதிகள் வர 2022 ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் பல இடங்களில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே போனார். நவம்பர் 1 எங்களுக்குத் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாள், மலையைத் தாண்டினால் கேரளம் பிறந்த நாள். அந்த நாளிலேயே இது தொடங்கியதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம் உண்டு. கிராமங்களில் கிராம சபை எப்படியோ அப்படி நகரத்தில் பகுதி சபை. அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லாரும் உறுப்பினர். சந்தா இல்லை, யாருடைய சிபாரிசும் வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

நான் போன முதல் கூட்டத்தில் முப்பது பேர் இருந்தோம். குடிதண்ணீர், ஓடை அடைப்பு, தெருவிளக்கு, நாய்த் தொல்லை, மறுபடி குடிதண்ணீர். பூங்காவைப் பற்றி நான் எழுந்தபோது மணி ஆறரை. ஒரு அண்ணன், குரலில் கோபம் இல்லாமல்தான், "டீச்சர், குழாயில தண்ணி வரட்டும், அப்பறம் செடிக்கு விடலாம்" என்றார். அவர் சொன்னது நியாயம். மூன்று நாளாக அவர் வீட்டில் தண்ணீர் இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். பகுதி சபையின் பலவீனம் இதுதான். அவசரமானது எப்போதும் முக்கியமானதை முந்திக்கொள்ளும். பூங்காவும் கலையும் யாருக்கும் இன்றைக்கே அவசரம் இல்லை. அயனி மரம் மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டுதான் பட்டது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இதைத் தாண்ட ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1996இல் மலையாளச் சிங்ஙம் மாதம் 1ஆம் தேதி, அதாவது ஆகஸ்ட் 17, கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குப் போகும் என்றார்கள். பணம் வந்ததும் பேச்சுக்கு எடை வந்தது. சபையில் பொதுவாகப் பேசியதை வைத்துத் திட்டம் எழுத முடியாது என்பதால் துறைவாரியாகச் செயற்குழுக்கள் அமைத்தார்கள். தலைமை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர். அழைப்பாளர் அந்தத் துறை அலுவலர். கூட இருப்பவர்கள் ஊரில் அந்த விஷயம் தெரிந்தவர்கள், தன்னார்வத்தோடு வருபவர்கள். அவர்கள் எழுதும் வரைவு சபைக்குத் திரும்பும், வளர்ச்சிக் கருத்தரங்குக்குப் போகும், பிறகு மாவட்டத் திட்டக் குழுவுக்குப் போகும். எல்லா இடத்திலும் இது குறையில்லாமல் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கட்சிக்காரர்களே நாற்காலிகளை நிரப்புகிறார்கள் என்ற மனக்குறையை அங்கே உள்ள என் உறவுகளே சொல்வார்கள். ஆனால் அமைப்பின் தர்க்கம் சரி. எல்லாருக்கும் திறந்த சபை ஒன்று, அதிலிருந்து கிளைத்த வேலைக்குழு ஒன்று, அந்த வேலைக்குழு அலுவலரோடு ஒரே மேசையில்.

என் முடிவு இந்த இரண்டையும் சேர்த்தது. பூங்கா, கலைக்குழுவைப் பகுதி சபைகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும், நகர்மன்றத் தீர்மானம் வழியாக அதற்கு இடம் கொடுக்க வேண்டும். நியமனக் குழுவின் வேகம் இதில் இல்லை. சங்கத்தின் சுறுசுறுப்பும் முதல் ஆண்டு இருக்காது. இரண்டையும் இழப்பதை ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் குழு மட்டும்தான் கேட்கப்பட்ட கேள்விக்கு எல்லாரிடமும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. வாசகசாலையும் கிளப்பும் விலகி நிற்க வேண்டாம்; தண்ணீர் விடுவதும் நிகழ்ச்சி நடத்துவதும் அவர்களிடம் இருக்கட்டும். முடிவு அவர்களிடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு நிபந்தனையை மட்டும் நான் விடமாட்டேன். குழு எழுத்தில் கொடுக்கும் ஒவ்வொரு பரிந்துரையும் நகர்மன்றக் கூட்டப் பொருளில் வர வேண்டும், ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் பதில் வர வேண்டும், அந்தப் பதில் அடுத்த பகுதி சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஆலோசனைக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிச் சிலர் ஒதுங்குகிறார்கள். அதிகாரம் வேண்டாம், மன்றத்துக்குத்தான் அது உரியது, அவர்களைத்தான் நாம் வாக்களித்து அனுப்பினோம். ஆனால் பதில் பெறும் உரிமை வேண்டும். அரசு நிலத்தில் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டில் ஆன பிறகு என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். வெட்ட வேண்டியவர் காரணம் எழுத வேண்டியிருக்கிறது. காரணம் எழுத உட்கார்ந்தால் பாதி மரம் பிழைக்கும்.

மதிப்பீடு போடுவதற்கு முன்பே குழுவிடம் வரைபடம் வர வேண்டும் என்பதும் அதில் அடங்கும். டெண்டர் முடிந்த பிறகு கேட்கும் ஆலோசனை வண்ணம் தேர்ந்தெடுக்க மட்டுமே உதவும்.

குழுவில் யார் என்பதில் எண்ணிக்கையைவிடக் கலவை பெரிது. பாதிக்குக் குறையாமல் பெண்கள், ஏனென்றால் மாலைப் பூங்காவை நிரப்புவது குழந்தைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெண்களும்தான், விளக்கு எங்கே எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆடுகிற, பாடுகிற, அடிக்கிற கலைஞர் ஒருவராவது, கலையைப் பற்றிப் பேசுகிறவர் மட்டும் போதாது. எங்கள் மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து நடத்துபவர்கள் வீட்டில் மராத்தி பேசுகிற குடும்பங்கள். ஊர் ஊராகப் போவதால் எந்த வார்டிலும் சபையில் எழுந்து பேச அவர்களுக்கு வாய்ப்பு வருவதில்லை. அவர்களை அழைத்துக் கேட்க விதி வேண்டும். பிறகு செடி தெரிந்த ஒருவர். குழித்துறையில் ஆடி அமாவாசையை ஒட்டி நகராட்சி நடத்தும் வாவுபலிப் பொருட்காட்சியைப் பாருங்கள். ஆற்றில் பலியிட்டுவிட்டு வருகிறவர்கள் கையில் மரக்கன்றோடு வீட்டுக்குப் போவார்கள். பண்பாடும் பச்சையும் ஒரு உள்ளாட்சியின் கையில் சேர்ந்து நடக்க முடியும் என்பதற்கு நான் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சாமிகள் புறப்படும்போது இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் வந்து நிற்கிறார்கள். சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் முதல் இரவு குழித்துறையில் தங்கிப் போகிறார்கள். அந்த அரண்மனையே தமிழ்நாட்டு மண்ணில் இருந்துகொண்டு கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் கலைக்குழு ஒன்று எது நம்முடையது, எது அவர்களுடையது என்று பிரிக்க உட்கார்ந்தால் முடிவே வராது. செண்டை கற்றுக்கொள்ளும் பையனும் களியலாட்டத்துக்குக் கம்பு வெட்டும் பையனும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இருவருக்கும் ஒத்திகைக்கு இடம் வேண்டும். குழு அதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லா ஊருக்கும் என் முடிவு பொருந்தாது. ஊராட்சியாக இருந்தால் கிராம சபையிலேயே இதைச் செய்துவிடலாம். ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது, தீர்மானத்துக்கு எடையும் அதிகம். நாகர்கோவில் போன்ற மாநகராட்சியில் ஒரே குழு போதாது, மண்டலவாரியாக வேண்டியிருக்கும். பூங்காவே இல்லாமல் ஒரு பொட்டல் மட்டும் இருக்கிற சின்ன இடத்தில், அதுவும் ஒரே மனதாக இருக்கிற ஊரில், வாசகசாலைக் கமிட்டியே போதும், இதெல்லாம் பாரம்.

ஆற்றோர நிலத்துக்கு வருகிறேன். அடுத்த பகுதி சபைக்கு மனு எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் அப்பாவோடு பாடிய அண்ணாவி மாமாவை அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். எண்பதை நெருங்குகிறார். நிலம் முழுக்கத் தொட்டாவாடி, ஓரத்தில் ஒரு புளிய மரம்.

"மாமா, மேடை எப்படி இருக்கணும்?"

"மேடை எதுக்கு மக்களே. வில்லு வைக்க மண்ணு போதும். மண்ணுல இருத்தினாத்தான் குடம் பேசும்."

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். புளிய மரத்திலிருந்து பத்து அடி தள்ளி நின்று கம்பால் ஒரு கோடு இழுத்தார். அங்கிருந்து எண்ணிக்கொண்டே பன்னிரண்டு அடி போய் இன்னொரு கோடு.

"கோவிலுன்னா சாமியப் பாத்து உக்காருவோம். இங்க சாமி இல்ல. வெயிலப் பாத்துத் திசை வையி. நாங்க தெக்க பாத்து இருக்கோம், சனம் வடக்க பாத்து இருக்கட்டும். யாரு கண்ணுலயும் அடிக்காது. மரத்து மூட்டுல ஒண்ணும் பூசிராதுங்க."

மனுவின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: புளிய மரத்திலிருந்து 10 அடி விட்டு, 12 அடிக்கு 10 அடி, ஒரு முழ உயர மண் திண்டு, தெற்கு நோக்கி. டைல்ஸ் வேண்டாம். கூரை போடுவதானால் ஓடு. கொடை நாட்களில் கேட் இரவு பன்னிரண்டு வரை. கீழே அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும் இருக்கின்றன. தண்ணீர் வராத அந்த அண்ணன் வீட்டுக்கும் போனேன். அவர் குழாய்க்கான மனுவில் நான் கையெழுத்துப் போட்டேன், இதில் அவர் போட்டார்.